டிரெய்லரோடு ஏற்றம் ஏறும்போது கியர்பாக்ஸ் ஏன் கொதிக்கிறது? கூலர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பீனிக்ஸில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது இதுதான். அவரிடம் 2003 மாடல் சில்வராடோ 1500 இருக்கிறது. 5.3 லிட்டர் வி8 இஞ்சின், 4எல்60இ என்கிற நான்கு கியர் ஆட்டோமேட்டிக், பின் ஆக்சில் விகிதம் 3.42 (பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.42 சுற்று சுற்ற வேண்டும்). கேம்பிங் டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஜூன் மாதம் குடும்பத்தோடு ஃபிளாக்ஸ்டாஃப் கிளம்பியிருக்கிறார். ஐ-17 நெடுஞ்சாலையில் பிளாக் கேனியன் சிட்டியைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஆப் போனில் காட்டிய கியர்பாக்ஸ் ஆயில் சூடு 190 டிகிரியிலிருந்து மளமளவென்று ஏறி, சன்செட் பாயிண்ட் வருவதற்குள் 255 ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டது. அதாவது 124 செல்சியஸ். அப்போது மூன்றாவது கியர், 50 மைல் வேகம், இஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று. சுமை இழுக்கும்போது கியர் மாறும் விதத்தை மாற்றும் டோ/ஹால் பட்டனை அழுத்தவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும், 4,000 டாலர் ஆகும் என்கிறார்கள். இன்னொருவர் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிரவைக்கும் பெரிய கூலர் மாட்டினால் போதும் என்கிறார். எதைச் செய்வது?

தம்பி, இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள். சூடு எங்கே பிறக்கிறது என்று பார்க்காமல் செலவு செய்தால், பணமும் போகும், அடுத்த ஜூனில் அதே சன்செட் பாயிண்டில் அதே மாதிரி நிற்பீர்கள். டூசானில் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்யும் ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருடம் இருந்தவன் நான். மாற்றத் தேவையில்லாத கியர்பாக்ஸ்கள் மாற்றப்படுவதை அங்கே நிறைய பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் கொடுத்த விவரங்களிலேயே பாதி விடை இருக்கிறது. 50 மைல் வேகம், மூன்றாவது கியர், 2,400 சுற்று. இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் வண்டிக்குக் கம்பெனி போட்டுத் தந்த 245/75ஆர்16 டயர்தான் இன்னும் இருக்கிறது என்றால் அதன் விட்டம் சுமார் 30.5 அங்குலம். ஆக்சில் 3.42. இந்தக் கியர்பாக்ஸில் மூன்றாவது கியர் என்பது நேரடி கியர், விகிதம் 1.00. மைல் வேகத்தை ஆக்சில் விகிதத்தாலும் 336 என்ற எண்ணாலும் (மைல், அங்குலம், நிமிடம் ஆகியவற்றைப் பொருத்திவைக்கும் எண்) பெருக்கி, டயர் விட்டத்தால் வகுத்தால், கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று தெரியும். 50 மைலுக்கு 1,880 வருகிறது. இஞ்சினோ 2,400 சுற்று சுற்றியிருக்கிறது. நடுவில் 500 சுற்றைக் காணோம்.

அந்த 500 சுற்று டார்க் கன்வர்ட்டருக்குள் வழுக்கிப் போனது. உங்கள் சூடும் அங்கேதான் பிறந்தது.

கன்வர்ட்டர் என்ன செய்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். இஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது அதுதான், ஆனால் சாதாரணமாக அங்கே இரும்புக்கு இரும்பு பிடிப்பு கிடையாது. இஞ்சினோடு சுற்றும் ஒரு பக்கம் ஆயிலை வீசுகிறது, எதிர்ப்பக்கம் அந்த ஆயிலின் தள்ளலில் சுற்றுகிறது. இரண்டுக்கும் வேக வித்தியாசம் இருக்கும்வரை ஆயிலைக் கடைந்துகொண்டே இருக்கிறோம். கடைவதில் போகும் சக்தி சூடாகத்தான் வெளியே வரும். இதைத் தவிர்க்க உள்ளேயே ஒரு லாக்-அப் கிளட்ச் வைத்திருக்கிறார்கள். அது பிடித்துக்கொண்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுற்றும், வழுக்கல் இல்லை, சூடும் பெரிதாக இல்லை. ஆனால் ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதித்தால் கம்ப்யூட்டர் இந்த லாக்-அப்பை விடுவித்துவிடும். ஏற்றத்தில் நீங்கள் செய்தது அதுதான். காலை அழுத்தினீர்கள், லாக்-அப் விட்டது, ஆனால் இரண்டாவது கியருக்கு இறங்கும் அளவுக்கு அழுத்தவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட அந்த நிலைதான் கியர்பாக்ஸுக்கு மிக மோசமான நிலை.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்கு. அந்த இடத்தில் உங்கள் இஞ்சின் 130 குதிரைத்திறன் அளவுக்குத் தந்துகொண்டிருந்திருக்கும். வழுக்கலில் 10 சதவீதம்தான் வீணானது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 13 குதிரைத்திறன், கிட்டத்தட்ட 10 கிலோவாட். வீட்டில் இருக்கும் ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி பத்தை முழுச் சூட்டில் வைத்து அந்தப் பத்து லிட்டர் சொச்சம் ஆயிலுக்குள் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஏற்றம் முடிகிறவரை அதை யாரும் அணைக்கவில்லை. 255 டிகிரியோடு நின்றதே உங்கள் கூலர் ஏதோ வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

ஆக, முதல் மருந்துக்குச் செலவே இல்லை. பிளாக் கேனியன் சிட்டியில் ஏற்றம் தொடங்கும் முன்பே டோ/ஹால் பட்டனை அழுத்துங்கள், உங்கள் வண்டியில் அது கியர் லிவரின் முனையில் இருக்கும். லிவரையும் டி-யில் விடாதீர்கள். வேகம் குறையத் தொடங்கியதும் நீங்களாகவே இரண்டாவது கியருக்கு இறக்கி, 45 மைலில் நிதானமாக ஏறுங்கள். இரண்டாவது கியர் விகிதம் 1.63, அந்த வேகத்தில் தண்டு 2,760 சுற்று வரும், இஞ்சின் 3,000-க்குப் பக்கத்தில் நிற்கும். "இஞ்சின் கத்துகிறதே" என்று பலர் பயப்படுகிறார்கள். கத்தட்டும். இந்த 5.3 லிட்டர் இஞ்சினின் உச்ச முறுக்கு விசையே 4,000 சுற்றில்தான் வருகிறது. 3,000 அதற்கு ஒரு நடைப்பயிற்சி.

இரண்டாவது கியரில் லாக்-அப் பெரும்பாலும் பிடிக்காதே, அப்போதும் வழுக்கத்தானே செய்யும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கன்வர்ட்டரின் பிடிமானம் இஞ்சின் சுற்றின் வர்க்கத்தோடு கூடும். சுற்று 2,400-லிருந்து 3,000 ஆனால் அது தாங்கக்கூடிய முறுக்கு விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. அதே நேரம், கியர் இறங்கியதால் அதே ஏற்றத்துக்கு இஞ்சினிடமிருந்து கேட்கும் முறுக்கு விசையும் குறைகிறது. பிடிமானம் கூடி, சுமை குறைந்தால், வழுக்கல் தானாகச் சுருங்கிவிடும். அதோடு தண்ணீர் பம்பும் வேகமாகச் சுற்றும், ரேடியேட்டருக்குள் ஓட்டம் கூடும். வேகத்தைக் குறைப்பதிலும் பெரிய லாபம் இருக்கிறது. காற்றைக் கிழிக்கச் செலவாகும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 45 மைலில் செலவாவதைப் போல் மூன்று மடங்கு 65 மைலில் செலவாகும். டிரெய்லரின் முகம் ஒரு சுவர் மாதிரி என்பதை மறக்க வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஓட்டும் விதம் மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வேறு கோளாறு ஒளிந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க நான் போகும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் டிப்ஸ்டிக். சமதளத்தில் நிறுத்தி, கியர்பாக்ஸ் சூடான பிறகு, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, லிவர் பார்க்கில் இருக்கும்போது பாருங்கள். இஞ்சின் ஆயில் மாதிரி அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு தவறாகத் தெரியும். ஒரு சொட்டை வெள்ளைப் பேப்பர் டவலில் வையுங்கள். செந்நிறம் என்றால் நலம். வெளிறிய பழுப்பு என்றால் வயதாகிவிட்டது, மாற்றலாம். கரும்பழுப்பாக, பாத்திரம் அடிப்பிடித்த வாசனை வந்தால் உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் கருகியிருக்கின்றன. நுரை இருந்தால் ஆயில் அதிகமாக ஊற்றியிருக்கிறார்கள், சுற்றும் பாகங்கள் அதை அடித்து நுரைக்க வைக்கின்றன, நுரைத்த ஆயில் சூட்டையும் கடத்தாது, பிரஷரையும் தாங்காது. இன்னொரு நிறம் இருக்கிறது: ரோஸ் மில்க் நிறம். அதைப் பார்த்தால் வண்டியை ஒரு மைல் கூட ஓட்டாதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து, கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கிறது. கிளட்ச் பிளேட்டின் மேலிருக்கும் உராய்வுத் தாளைப் பிடித்திருக்கும் பசையைத் கூலன்ட்டில் இருக்கும் தண்ணீரும் கிளைக்காலும் கரைத்துவிடும். அப்போது ரேடியேட்டரும் போச்சு, பெரும்பாலும் கியர்பாக்ஸும் போச்சு.

அடுத்து வண்டியின் முகத்தைப் பாருங்கள். முன் கிரில்லைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்கிறேன், வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பது போதாது. என் சொந்த வண்டியில் ஒரு முறை இதேபோல் சூடு ஏறியபோது, வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தது. ரேடியேட்டரின் மேல் பிராக்கெட்டைக் கழற்றி, அதை இஞ்சின் பக்கம் இரண்டு விரல் அகலம் சாய்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில், கீழ்ப்பாதி முழுக்க ஒரு கம்பளி விரித்த மாதிரி படிந்திருந்தது. பாலோ வெர்டே மரத்தின் காய்ந்த மஞ்சள் பூ, விட்டில் பூச்சி இறக்கை, புழுதிக் காற்றில் வந்த மண், எல்லாம் சேர்ந்து அப்பிக்கொண்டு, விரலால் உரித்தால் பட்டையாக வந்தது. வாளியில் போட்டுப் பார்த்தேன், இரண்டு கை நிறைய. இஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, தோட்டக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவினேன். பிரஷர் வாஷரை மட்டும் தொடாதீர்கள், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். அடுத்த வாரம் அதே ஏற்றத்தில், அதே டிரெய்லரோடு, 25 டிகிரி குறைவாகக் காட்டியது. அரிசோனாவில் ஏப்ரல், மே மாதங்களில் பாலோ வெர்டே பூத்து முடித்ததும் இந்தப் பார்வையை வருடா வருடம் செய்வது என் வழக்கம்.

அதே சமயத்தில் ஃபேன் கிளட்சையும் பாருங்கள். உங்கள் வண்டியில் இஞ்சினோடு சுற்றும் விசிறி என்றால், ரேடியேட்டர் நன்றாகச் சூடாகும்போது அது இறுகப் பிடித்துக்கொண்டு, லாரி மாதிரி ஒரு இரைச்சல் போடும். 105 டிகிரி வெயிலில் டிரெய்லரோடு ஏறும்போது அந்த இரைச்சல் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை என்றால் ஃபேன் கிளட்ச் தேய்ந்துவிட்டது. நன்றாக ஓட்டிச் சூடான இஞ்சினை அணைத்துவிட்டு விசிறியைக் கையால் சுற்றினால், அரைச் சுற்றுக்குள் நின்றுவிட வேண்டும். தாராளமாகச் சுற்றிக்கொண்டே போனால் மாற்றுங்கள். கியர்பாக்ஸ் சூட்டுக்கும் விசிறிக்கும் என்ன சம்பந்தம் என்றால், உங்கள் ஆயில் போகும் முதல் கூலர் ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் இருக்கிறது. அந்தக் கூலன்ட் 230 டிகிரியில் இருந்தால் ஆயிலை 230-க்குக் கீழே அதனால் கொண்டுவரவே முடியாது.

இனி லாக்-அப் சோதனை. இதுதான் நான் அதிகம் நம்புவது. டிரெய்லர் இல்லாமல், சமதளமான நெடுஞ்சாலையில், பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து, 55-60 மைலில் நிதானமாகப் போய்க்கொண்டிருங்கள். வலது காலை ஆக்சிலரேட்டரிலேயே அசையாமல் வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள், பிரேக் பிடிக்க அல்ல, விளக்கு எரியும் அளவுக்கு மட்டும். பிரேக் ஸ்விட்ச் சிக்னல் கொடுத்ததும் கம்ப்யூட்டர் லாக்-அப்பை விடுவிக்கும். சுற்று முள் 200 அல்லது 300 குதித்து, காலை எடுத்ததும் மறுபடி இறங்கினால் லாக்-அப் உயிரோடு இருக்கிறது. முள் அசையவே இல்லை என்றால் அது முதலிலிருந்தே பிடிக்கவில்லை. உங்கள் ஆப்பில் டிசிசி ஸ்லிப் (லாக்-அப் கிளட்சின் வழுக்கல்) என்ற எண் காட்டினால் இன்னும் நல்லது. லாக்-அப் பிடித்திருக்கும்போது அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 100, 150 என்று நிலையாகக் காட்டினால் கிளட்ச் பிடிக்கப் பார்த்து வழுக்குகிறது. பி0741 அல்லது பி1870 என்ற கோளாறுக் குறியீடு பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது குறியீடு இந்தக் கியர்பாக்ஸ் வேலை செய்பவர்களுக்கு மனப்பாடம். ஆயில் பிரஷரைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடிக்குள் லாக்-அப்பைக் கட்டுப்படுத்தும் சிறிய வால்வு ஓடும் துளை தேய்ந்து, பிரஷர் கசிவதால் வருவது அது. அலுமினியத் துளைக்குள் அந்த வால்வு இடைவிடாமல் முன்னும் பின்னும் துடித்துக்கொண்டே இருக்கும், வருடங்கள் போகப்போகத் துளை அகன்றுவிடும். அதற்கு வால்வு பாடியைக் கழற்றி, துளையைச் சீராகக் கடைந்து, பெரிய அளவு வால்வு அல்லது ஸ்லீவ் போடுகிறார்கள். கியர்பாக்ஸை இறக்காமலே செய்யக்கூடிய வேலை. 4,000 டாலர் பேச்சுக்கு முன்னால் இதைப் பற்றிக் கேளுங்கள்.

லாக்-அப் பிடிக்காததற்கு இதைவிட அற்பமான காரணங்களும் உண்டு. பிரேக் பெடல் ஸ்விட்ச் சரியாக உட்காராமல், பிரேக் மிதிபடுகிறது என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் லாக்-அப் கொடுக்கவே கொடுக்காது. டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் மாட்டும்போது அந்த இடத்து ஒயர்களை வெட்டி ஒட்டியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அங்கேதான். இன்னொன்று, இஞ்சின் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டு இஞ்சின் முழுச் சூட்டுக்கே வராமல் இருந்தால் அப்போதும் லாக்-அப் வராது. இவையெல்லாம் சில டாலர் பாகங்கள்.

கூலருக்குள் ஆயில் ஓடுகிறதா என்பதையும் அளந்து பார்க்கலாம். கூலரிலிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பும் லைனைக் கழற்றி, ஒரு ஹோஸ் மாட்டி, அளவுக்கோடு போட்ட வாளிக்குள் விடுங்கள். ஒருவர் இஞ்சினை ஸ்டார்ட் செய்து, லிவரைப் பார்க்கில் வைத்து, 20 விநாடி ஓடவிட்டு உடனே அணைக்க வேண்டும். ஒரு குவார்ட்டுக்கு (ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) குறையாமல் வந்திருக்க வேண்டும் என்பது ஒர்க்‌ஷாப் கணக்கு. சொட்டுச் சொட்டாக வந்தால் கூலரில் அடைப்பு, அல்லது பம்ப் தளர்ந்துவிட்டது. வெளியே வந்த அளவு புது ஆயிலை மறக்காமல் ஊற்றுங்கள்.

அடைத்த கூலர் பற்றி ஒரு வார்த்தை. டூசானில் ஒருவர் வேறு இடத்தில் புதிதாகக் கியர்பாக்ஸ் போட்டுக்கொண்டு, ஏழு மாதத்தில் எங்களிடம் வந்தார். புதுக் கியர்பாக்ஸ் போட்டவர்கள் பழைய கூலரையே கழுவி மாட்டியிருந்தார்கள். கூலரை வெட்டிப் பார்த்தோம். பழைய கியர்பாக்ஸ் சாகும்போது கக்கிய பித்தளைத் தூளும் கறுப்புச் சேறும் தகடுகளுக்கு இடையில் அப்படியே இருந்தன. மெல்லிய வழிகள் நிறைய கொண்ட கூலரைக் கழுவி முழுக்கச் சுத்தம் செய்வது நடக்காத காரியம். கியர்பாக்ஸ் மாற்ற நேர்ந்தால் கூலரையும் மாற்றுங்கள், ரேடியேட்டருக்குள் இருப்பது உட்பட. இதில் சேமிக்கப் பார்க்காதீர்கள்.

இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் கியர்பாக்ஸின் அடியிலிருக்கும் ஆயில் தட்டை, அதாவது பானை (pan), கழற்றிப் பாருங்கள், ஃபில்டரை மாற்ற எப்படியும் கழற்றத்தான் வேண்டும். உள்ளே ஒரு காந்தம் இருக்கும். அதன்மேல் சாம்பல் நிறத்தில் மையைப் போல் வழுவழுப்பான படிவு இருந்தால் அது சாதாரணத் தேய்மானம், கவலை வேண்டாம். விரலில் நெருடும் இரும்புத் துணுக்கு, மஞ்சளாக மினுக்கும் பித்தளை, கறுப்பான கிளட்ச் செதில், இவை கையளவு இருந்தால் நிலைமை வேறு. இந்தக் கியர்பாக்ஸில் சுமை இழுப்பவர்களுக்கு முதலில் போவது மூன்றாவது, நான்காவது கியருக்குப் பொதுவான கிளட்ச் பேக். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஒரு கணம் இஞ்சின் சுற்று மேலே எகிறி, அப்புறம் பிடித்தால் அது போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒன்றும் இல்லை, ஆயில் செந்நிறமாக இருக்கிறது, பான் சுத்தமாக இருக்கிறது என்றால், கியர்பாக்ஸை மாற்றச் சொன்னவரிடம் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று கேளுங்கள்.

பான் கழற்றினால் வெளியே வருவது சுமார் ஐந்து குவார்ட்தான், மீதி கன்வர்ட்டருக்குள்ளும் கூலருக்குள்ளும் தங்கிவிடும். ஒரே தடவையில் மெஷின் வைத்து எல்லாவற்றையும் தள்ளி எடுப்பதைவிட, இரண்டு மூன்று தடவை பானை இறக்கிப் புது ஆயில் ஊற்றுவதை நான் விரும்புவேன். டெக்ஸ்ரான் 6 ஊற்றுங்கள், உங்கள் வண்டி வந்த காலத்து டெக்ஸ்ரான் 3-க்குப் பதிலாகத்தான் அது வந்தது, சூட்டையும் நன்றாகத் தாங்கும்.

டிரெய்லரின் எடை 4,600 பவுண்ட் என்று எழுதியிருந்தீர்கள். அது தயாரிப்பாளர் ஒட்டிய காலி எடை. 40 கேலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலே 330 பவுண்ட். கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், துணிமணி, அரிசி மூட்டை எல்லாம் சேர்ந்தால் 5,500 எளிதாகத் தாண்டும். நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் எடை மேடை இருக்கிறது, ஒருமுறை முழுச் சாமான்களோடு ஏற்றி நிறுத்திப் பாருங்கள். தண்ணீரை ஊருக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம். டிரெய்லர் சக்கரங்களை ஓரிடத்தில் நிறுத்தித் தெர்மாமீட்டர் துப்பாக்கியால் அளந்து பாருங்கள், ஒன்று மட்டும் மற்றதைவிட நன்றாகச் சுட்டால் பிரேக் உரசுகிறது, அதையும் உங்கள் கியர்பாக்ஸ்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது.

"கம்பெனி சொன்ன எடைக்குள்தானே இருக்கிறேன்" என்பீர்கள். அமெரிக்காவில் இழுவைத் திறனை அளக்க எஸ்ஏஇ ஜே2807 என்று ஒரு பொதுச் சோதனை முறை இருக்கிறது. அதில் ஏற்றச் சோதனை நம் அரிசோனாவிலேயே, புல்ஹெட் சிட்டி பக்கம் டேவிஸ் அணைச் சரிவை அளவுகோலாக வைத்துத்தான் நடக்கிறது. 100 டிகிரி வெயிலில், ஏசியை முழுக்கப் போட்டுக்கொண்டு, சுமார் 12 மைலில் 3,000 அடி ஏற வேண்டும், பின்னால் இரட்டைச் சக்கரம் இல்லாத பிக்கப் 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த முறை வந்தது 2008-இல். உங்கள் வண்டி 2003. அன்றைக்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் வழியில் அளந்த எண் அது. அதோடு கையேட்டில் ஒரே மாடலுக்கு ஆக்சில் விகிதத்தைப் பொறுத்து எடை மாறும், 3.42-க்கான வரியைப் பாருங்கள், 3.73-க்கானதை அல்ல. பெரிய டயர் போட்டிருந்தால் 3.42 இன்னும் குறைந்த மாதிரிதான். ஃபிளாக்ஸ்டாஃப் கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், பீனிக்ஸ் 1,100. காற்று மெலிய மெலிய இஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் 3 சதவீதம் போல் சக்தி இழக்கும். கேம்ப் வெர்டேயைத் தாண்டியதும் வரும் இரண்டாவது ஏற்றத்தில் இது நன்றாகத் தெரியும்.

சரி, இப்போது கூலர். எல்லாம் பார்த்தாகிவிட்டது, லாக்-அப் நன்றாக இருக்கிறது, இரண்டாவது கியரில் நிதானமாக ஏறியும் 230 தாண்டுகிறது என்றால் தாராளமாகக் கூலர் மாட்டுங்கள். முதலில் உங்களிடம் ஏற்கெனவே வெளிக் கூலர் இருக்கிறதா என்று பாருங்கள். கையுறைப் பெட்டியின் கதவில் குட்டிக்குட்டி எழுத்தில் குறியீடுகள் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும், அதில் கேஎன்பி (KNP) என்று இருந்தால் கம்பெனியே வெளிக் கூலர் போட்டுத் தந்திருக்கிறது. இல்லாவிட்டால் ரேடியேட்டருக்குள் இருப்பது மட்டும்தான், அப்படியானால் வெளிக் கூலர் போடுவது நியாயமான செலவு.

அடுக்குத் தகடு வகையை வாங்குங்கள், குழாயை வளைத்துத் தகடு கோர்த்த மலிவான வகை வேண்டாம். ஆயில் முதலில் ரேடியேட்டருக்குள் போய், பிறகு வெளிக் கூலருக்குப் போய், அங்கிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்ப வேண்டும். ரேடியேட்டரைத் தவிர்த்துவிட்டு நேராக வெளிக் கூலருக்கு விடலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் செய்ய மாட்டேன். டிராஃபிக்கில் நிற்கும்போது வெளிக் கூலருக்குக் காற்று கிடைக்காது, அப்போது கைகொடுப்பது ரேடியேட்டர்தான். ஃபிளாக்ஸ்டாஃப் குளிர்காலத்தில் ஆயிலை வேலைச் சூட்டுக்குக் கொண்டுவருவதும் அதுதான். கூலரை ஏசி கண்டென்சரின் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் குச்சி செருகி மாட்டும் முறை பெட்டியோடு வரும். அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இரும்புப் பட்டை வைத்துச் சட்டத்தோடு பிணையுங்கள். குச்சி அதிர்ந்து அதிர்ந்து கண்டென்சரில் ஓட்டை போட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஹோஸ் கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்றே செய்ததாக இருக்கட்டும், பெட்ரோல் ஹோஸ் இந்தச் சூட்டில் கல்லாகி வெடிக்கும்.

எந்த எண்ணுக்குப் பயப்பட வேண்டும் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். உங்கள் வண்டியின் சென்சார் வால்வு பாடியில், பானுக்குள் இருக்கிறது, எனவே நீங்கள் பார்ப்பது குளிர்ந்து திரும்பி வந்து கலந்த ஆயிலின் சூடு. கன்வர்ட்டரை விட்டு வெளியேறும் ஆயில் ஏற்றத்தில் அதைவிட ஐம்பது டிகிரி கூட அதிகமாக இருக்கலாம். அதனால்தான் வேறொருவர் கூலர் லைனில் மீட்டர் மாட்டிக்கொண்டு சொல்லும் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடக் கூடாது. பானில் 200 வரை நிம்மதியாக ஓட்டுங்கள். ஏற்றத்தில் 220 வந்துபோவது சகஜம். 240-ஐத் தொட்டால் வேகத்தைக் குறைத்து, கியர் இறக்கி, ஏசியை அணைத்து, அடுத்த நல்ல இடத்தில் நிறுத்துங்கள். 260-க்கு மேல் போகவிடாதீர்கள். நிறுத்தியதும் இஞ்சினை அணைக்க வேண்டாம். பார்க்கில் போட்டு, 1,200 சுற்றில் சில நிமிடம் ஓடவிடுங்கள், பம்ப் ஆயிலைக் கூலர் வழியாகச் சுற்றவைக்கும், சூடு கண்ணெதிரே இறங்கும். ஆனால் அடியிலிருந்து ஆயில் சொட்டினாலோ புகை வந்தாலோ உடனே அணைத்துவிட்டு, குழந்தைகளை இறக்கி, வண்டியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். கொதித்துப் பொங்கிய ஆயில் சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கும்.

நீங்கள் செய்ய வேண்டிய வரிசை இது. இந்த வாரம் டிப்ஸ்டிக், கிரில், பிரேக் தொட்டுப் பார்க்கும் சோதனை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறும் முன், காலை ஐந்து மணிக்கு டிரெய்லரைக் காலியாக மாட்டிக்கொண்டு சன்செட் பாயிண்ட் வரை தனியாகப் போய் வாருங்கள். டோ/ஹால் போட்டு, இரண்டாவது கியரில், 45 மைலில். பானின் உச்ச சூடு, அந்த நேரத்து இஞ்சின் சுற்று, வெளி வெப்பம், இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். காலி டிரெய்லர், குளிர்ந்த காலை, சரியான கியர், இவ்வளவும் இருந்தும் 220 தாண்டினால் வால்வு பாடி, கூலர் ஓட்டம் இரண்டையும் சேர்ந்து பார்ப்போம்.